ஜன்னலோரத்தில் போட்ட பை

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி உள்ளே திரும்பும்போதே நூல் கடை சங்கரலிங்கத்தின் பை ஜன்னல் வழியாகப் போய் சீட்டில் விழுந்துவிடும். அப்புறம் மனிதர் நிதானமாக டீ குடித்துவிட்டுத்தான் ஏறுவார். அந்தப் பையை நகர்த்திவிட்டு உட்கார ஒருத்தனுக்கும் துணிச்சல் வராது. வந்தால் மதுரை போய்ச் சேரும் வரைக்கும் அவனுக்கு அர்ச்சனைதான்! நாற்பது வருஷப் பழக்கம் இது.

அந்தப் பழக்கம் ஸ்டாக்ஹோமுக்கும் கூடவே போனதுதான் வினை. அங்கே மகள் கிருஷ்ணப்ரியாவின் கைக்குழந்தையைப் பார்க்கப் போனவர், வெள்ளிக்கிழமை ஊர் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை மகள் சுவாதிக்குக் கல்யாணம். தாய்மாமன் இவர்தான். இவர் மாலை போட்டு அழைத்து வந்துதான் பெண் மணமேடை ஏற வேண்டும்.

"பாஸ்போர்ட்ட சட்டை உள்பையில வச்சுக்கோங்கப்பா," என்று கிளம்பும்போதே மகள் சொன்னாள்.

"பயமே இல்லாத ஊருன்னு நீதானம்மா சொன்ன?" என்று சிரித்துவிட்டுக் கைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

விமான நிலையம் போகும் ரயில் வந்து நின்றது. முதல் ஆளாக ஏறி, ஜன்னலோர சீட்டில் கைப்பையைப் போட்டார். கீழே பெட்டிகளோடு திணறிய மகளுக்குக் கை கொடுக்க இறங்கினார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. திரும்பி ஏறினால் பையைக் காணோம்.

"ஐயையோ! சீட்டுக்குப் போட்ட பையத் தூக்குவானுகளா? என்ன ஊரும்மா இது?"

"இங்க யாருப்பா சீட்டுக்குப் பை போடுறா? ஆளில்லாம கெடந்தா தூக்கத்தான் செய்வான். ஸ்டேஷன்ல இதுக்குன்னே சுத்துறாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

போலீசில் தன்மையாகத்தான் பேசினார்கள். புகாரை எழுதிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். வேறு பாஸ்போர்ட்டுக்குப் போகலாமென்றால் அதற்குள் நம் தூதரகத்தை மூடிவிட்டார்கள், இனி திங்கட்கிழமைதான். விமானமும் போய்விட்டது. சங்கரலிங்கம் போலீசைத் திட்டினார், ரயிலைத் திட்டினார், அந்த ஊர்க் குளிரைக்கூட விடவில்லை. திட்டி என்ன பிரயோசனம்?

தங்கை கோகிலாம்பாள் போனில் வந்தாள். "அண்ணே, பிளைட்டு ஏறிட்டீகளா? இங்க எல்லாரும் உங்களத்தான் கேக்குறாக."

"பிளைட்டு கேன்சல்னு சொல்லிருங்கப்பா," என்று கிருஷ்ணப்ரியா கிசுகிசுத்தாள்.

அவருக்கும் அது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தங்கை மகன் ஜெகதீஸ்வரன் அடுத்த மாசம் இதே ஊருக்குப் படிக்க வருகிறான். பஸ்ஸில் பை போடுவதில் அவன் மாமனையே மிஞ்சியவன்.

"ஏறல தாயி. அசட்டையா இருந்து பாஸ்போர்ட்டப் பறிகொடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

"ஜெகதீஸ்வரன்ட்ட போனக் குடு... மாப்ள, நல்லாக் கேட்டுக்கோ. எம்புட்டு நல்ல ஊரா இருந்தாலும் திருடன் இருக்கத்தான் செய்வான். நம்மூருப் பழக்கத்த நம்பி அசந்துராத. பாஸ்போர்ட்டு உன் உடம்போட இருக்கணும், பை கைய விட்டு எறங்கக் கூடாது. இங்கன குடியிருக்குறவுக சொன்னா கேளு. எம்மக சொன்னா, நான் கேக்கல. இப்பப் பாரு, எந்தங்கச்சி மக கல்யாணத்த நான் போன்ல பாக்கப் போறேன்."