வானொலியில் கேட்ட கழுதை

1

இந்தக் கதை வானொலியில் பிறந்தது. செவ்வாய்க்கிழமை காலை, அயர்லாந்து ஒன்றாக வேண்டுமா, வடக்கு பிரிட்டனோடே இருக்கட்டுமா என்று நேயர்கள் தொலைபேசியில் கட்டிப்புரண்டுகொண்டிருந்தார்கள்.

"பெல்ஃபாஸ்ட்லேர்ந்து ஜான் பேசுறேன். நான் புராட்டஸ்டண்ட். முப்பது வருஷம் போலீஸ். வாக்கெடுப்பு வந்தா ஒண்ணாகணும்னுதான் போடுவேன்."

பின்னால் ஒரு கழுதை கத்தியது.

(மூன்று முறை கத்தி நடுவில் தும்முகிற கழுதை உலகத்திலேயே ஒன்றுதான். எல்லையோர ஃபெர்மானாவில், என் பக்கத்துப் பண்ணைக்காரர் மெர்வினுடைய கழுதை. வயலின் நடுவே எல்லைக்கோடு போவதால் பிரிட்டனில் தின்று அயர்லாந்தில் விட்டை போடும். சுங்கத்துறை அதற்கு இருமுறை கடிதம் எழுதியது.)

2

மெர்வின் ஒரு துணிச்சலான

அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். துணிச்சல்காரர் வானொலியில் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்வாரா? ஓய்வுபெற்றுப் பதினைந்து வருடமாகியும், காருக்கடியில் குண்டு இருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். புதன்கிழமையிலிருந்து மனைவி ஐவியும் மறுபக்கம் மண்டியிடுகிறாள்.

3

இந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

செவ்வாய் மதியம், ரோசலீனின் கடையில்:

"கேட்டியா ரோசலீன்? மெர்வினோட கழுதை ரேடியோவுல பேசுது!"

சொன்னது நான். வரிசையில் நின்ற நால்வரும் சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணும் கேக்கல ஃபெலிம். நீயும் கேக்கல. ரொட்டிய எடுத்துக்கிட்டு கெளம்புப்பா."

ஒருவர் எடுத்த பாலைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார். யாரென்று எழுதமாட்டேன். நானும் இங்கேதான் வசிக்கிறேன்.

4

எதிரே வண்டி வந்தால் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது எங்கள் ஊர் வழக்கம். பரம எதிரிக்கும் தூக்குவோம். புதன்கிழமை மெர்வினுக்கு ஒரு விரலும் எழவில்லை. எங்கள் கத்தோலிக்கருக்கு அவர் பிரிட்டன் பக்கம் நின்ற பழைய போலீஸ். பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்கிற அவருடைய புராட்டஸ்டண்ட் ஆட்களுக்கு இப்போது துரோகி.

5

முடிவு அ: எதுவும் நடக்கவில்லை. (நம்புவீர்களா?)

முடிவு ஆ: வியாழன் காலை மெர்வின் குனிந்து பார்த்தபோது, காருக்கடியில்

வேண்டாம். எழுதினால் நடந்துவிடும்.

6

ஆகவே வியாழன் மதியம் நானே போனேன். கார் வாசலில் நின்றது. திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. தட்டினேன்.

"யாரு?" ஐவியின் குரல்.

"நான்தான், ஃபெலிம்."

"தனியாவா வந்திருக்க?"

நாற்பது வருடப் பக்கத்து வீட்டுக்காரனிடம் அவள் இப்படிக் கேட்டதில்லை.

"தனியாத்தான் ஐவி."

கதவு சங்கிலியளவு திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"அவர் வீட்ல இல்ல. ஃபெலிம், உங்கிட்டதான் கேக்க முடியும். கடையில வாயத் தொறந்தது யாரு?"

ஃபெலிம் என்ன சொன்னான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் பக்கம் நின்று எழுதாதீர்கள், அது சுலபம். சங்கிலிக்கு உள்ளே நின்று எழுதுங்கள்.