யானை வாகனத்துக்கு ஒரு கொம்பு

வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றில் தந்தத்தெரு என்றொரு தெரு இருந்தது. கடல்வழி வந்த யானைத்தந்தமே அத்தெருவை உண்டாக்கியது. முதல் வீட்டார் அரிவார்கள், நடுவீட்டார் கடைவார்கள், கடைசி வீட்டார் மெருகிடுவார்கள். ஒரு வீட்டுத் தொழில் மறுவீட்டுக்குத் தெரியாது. ‘விழுந்தது வீட்டுக்கு’ என்பதே தெருவின் சட்டம். வேலையில் உதிரும் துண்டு பொத்தானாகும். தூள் பரியாரியாரிடம் மருந்தாகும். ஆகவே எந்த வீட்டிலும் வேண்டியதற்குச் சற்றுக் கூடுதலாகவே உதிரும்.

உலக நாடுகள் யானைத்தந்த வாணிபத்தைத் தடைசெய்ததற்கு அடுத்த ஆண்டு, ஊர்ப் பிள்ளையார் கோயில் யானை வாகனத்தின் வலக்கொம்பு பிளந்து விழுந்தது. ஏழாந் திருவிழா தந்தத்தெருவின் உரிமை. அன்று யானையில் சுவாமியை எழுந்தருளச் செய்வது வழக்கம். எழுந்தருளச் செய்யத் தவறினால் உரிமை மேலைத்தெருவுக்குப் போய்விடும். மேலைத்தெருத் தியாகலிங்கம் மாலைதோறும் வந்து, சுவாமியைக் கும்பிடுமுன் யானையின் வாயைப் பார்த்துச் சென்றார்.

போரால் பாதைகள் மூடிக்கிடந்தமையால் வெளியிலிருந்து எதுவும் வருவதாக இல்லை. நல்லவேளையாக, முதல் வீட்டுத் தில்லைநாதனிடம் ஒரு முழுத்தந்தம் எஞ்சியிருந்தது. தெருவின் மானத்துக்காக அதை மனமுவந்து கொடுத்தார். கொடுக்குமுன், அடிப்பக்கம் பொந்து என்று கொஞ்சம் அரிந்தார். நுனி சரியில்லை என்று இன்னும் கொஞ்சம் அரிந்தார். நடுவீட்டு இராசநாயகம் கடைந்தார். கீறல் தெரிந்தது என்று மேலும் கடைந்தார். திருவிழாவன்று காலை, கடைசி வீட்டுச் செல்வநாயகியின் கைக்கு அது வந்தபோது ஒரு வெண்டிக்காய் அளவே இருந்தது.

 பொருளை ஒப்படைப்பது கடைசிக் கை. பழியைச் சுமப்பதும் அதே கை. செல்வநாயகி இருவரையும் அழைப்பித்தாள்.

“அண்ணை, இதென்ன? யானைக்கோ, காது குடையவோ?”

“நான் குடுக்கேக்கை நல்ல நீட்டாய் இருந்தது பிள்ளை. உவன் இராசநாயகத்தைக் கேள்.”

“என்ரை கைக்கு வந்ததே அரைக்கொம்பு, மச்சாள். அதுவும் வளைஞ்சு கிடந்தது. நேராக்காமல் எப்பிடிக் கடையிறது?”

“யானைக்கொம்பு வளைஞ்சுதானே இருக்கும்! கொம்பு வேணும் எண்டாங்கள், கொம்பு கையிலை இருந்தது. அப்பிடியே செருகியிருந்தால் அலுவல் முடிஞ்சுதே!”

 தந்தத்தைக் கண்டதும் அரியும் வாளெடுத்துப் பழகிய தெரு அது. தந்தம் தந்தமாகவே பயன்படக்கூடும் என்று அங்கே எவருக்கும் தோன்றியதில்லை.

“கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பானது போலை…” என்று இழுத்தார் இராசநாயகம்.

“கழுதையைத் தேய்ச்சது ஆர்?” என்று கேட்டவள் தன் மடியைப் பார்த்தாள். வெள்ளைத்தூள்! பேச்சினிடையே அவள் கையும் தானாகவே மெருகிடும் திருக்கைமீன் தோலை எடுத்துத் தேய்க்கத் தொடங்கியிருந்தது. தோலைத் தூர எறிந்துவிட்டு, எஞ்சியதை முந்தானையில் முடிந்துகொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

வாகனசாலையில் யானையின் வாயில் அதை வைத்துப் பார்த்தாள். பாக்குத்துண்டு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.  முகத்தைத் திருப்பியபோது, மூலையில் தூசி படிந்து கிடந்த எலி வாகனம் பல்லில்லாத வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தது.

“ஐயா, பிள்ளையார் இண்டைக்கு எலியிலை வரமாட்டாரோ?” என்று அங்கு நின்ற கோயில் ஐயரைக் கேட்டாள்.

ஐயர் சிரித்துவிட்டார். “அதுதானே அவரின்ரை சொந்த வாகனம்! யானை எல்லோ இரவல்.”

செல்வநாயகி கண்கொட்டாமல் பக்கத்தில் நிற்க, பின்னாலேயே வந்திருந்த தில்லைநாதன் அந்தத் தந்தத்துண்டை நெடுக்காக இரண்டாய்ப் பிளந்தார். எலிக்குப் பற்கள் முளைத்தன.

மாலையில் தியாகலிங்கம் குறுக்கே வந்து நின்றார். “யானை எங்கை? உரிமை இனி எங்கடை!”

“சுவாமி ஏறி இருந்திட்டார், தியாகலிங்கம்,” என்றார் ஐயர். “இறங்கச் சொல்லி நீரே கேட்டுப் பாரும்.”

அளவெட்டி ஊரவரின் நாதசுரம் முழங்க, தந்தப்பல் தெரியச் சிரித்தபடி எலி புறப்பட்டது. மேலைத்தெருப் பிள்ளைகள் அதன் வாயைப் பார்க்க முண்டியடித்தார்கள். யானையைச் சுமக்க வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தோள்வேலை இல்லாமற்போயிற்று. அவர்கள் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, அந்த எலியைச் சோறூட்டி வளர்த்தவர்கள் தாங்களே என்பதுபோல் பெருமையாக நடந்து சென்றார்கள்.