பெஞ்சமின் மாட்டிய கன்வெர்ட்டர்

பெஞ்சமின் ஓட்டிக்கொண்டிருந்த டாக்ஸியை விற்றுவிடலாம் என்று அவன் தம்பி டேனியல்தான் சொன்னான். ஷீபா தலையாட்டினாள். நெஞ்சுவலி வந்து கணவன் போன நாளிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். ஜெபத்துக்கு வந்தவர்களெல்லாம் அழுதார்கள். அவளுக்கு மட்டும் கண்ணில் ஈரமே வரவில்லை.

மாகறலிலிருந்து நெல் வியாபாரி சுகுமார் வண்டியைப் பார்க்க வந்தார். பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தார்.

"சாமானெல்லாம் ஒரிஜினல்தானேம்மா?"

"அவரு கம்பெனி சாமான்தான் போடுவாரு," என்றாள் ஷீபா. பெஞ்சமின் எப்போதும் அப்படித்தான் சொல்வான்.

விலை படிந்தது. புகைச் சான்றிதழ் மட்டும் எடுத்துக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுச் சுகுமார் போனார்.

மறுநாள் டேனியல் வண்டியை எடுத்தபோது ஷீபாவும் ஏறிக்கொண்டாள். வீட்டில் இருப்பதும் வெளியே போவதும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் முக்கி முனகித்தான் நகர்ந்தது. ஒருவழியாக உத்திரமேரூரில் மெக்கானிக் தமிழ்வாணனின் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினான்.

தமிழ்வாணன் வண்டிக்கு அடியில் புகுந்து, இஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே இருந்த கன்வெர்ட்டரைக் கழற்றி வந்து டார்ச் அடித்துக் காட்டினான். புகையைச் சுத்தம் செய்ய வேண்டிய உள்பாகம் உருகி அடைத்துக்கிடந்தது.

"இது டூப்ளிகேட்டுக்கா. கம்பெனி நம்பரே இல்ல, பாருங்க. புகை போவ வழியில்லாம வண்டி திணறிக்கினு கீது."

"ஷோரூம் சாமான் மாத்திட்டேன்னு அண்ணன் சொல்லிச்சே..." என்ற டேனியல் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

இருவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அந்தக் கரிபிடித்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"இப்ப இன்னா போடறது?" என்றான் தமிழ்வாணன். "டூப்ளிகேட் கையிலயே கீது. கம்பெனிதுன்னா காஞ்சிபுரத்துலேர்ந்து வரணும். செலவும் எக்கச்சக்கமா ஆவும்."

"விக்கப்போற வண்டிதானே அண்ணி," என்றான் டேனியல். "கைமாறிட்டா நம்மள யாரு கேக்கப்போறாங்க?"

"நான் கம்பெனி சாமான்னு அவராண்ட சொல்லிட்டேன். அதையே போடுங்க."

"அண்ணி, செலவு..."

"ஆவட்டும்."

புதியது வந்து மாட்டியதும் புகைச் சோதனையில் வண்டி தேறியது. திரும்பி வரும்போது ஏரிக்கரையில் சத்தமில்லாமல் ஏறியது. டேனியல் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஷீபா கண்ணாடிக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஏன்யா என்னாண்ட பொய் சொன்ன?"

டேனியல் திடுக்கிட்டுத் திரும்பினான். "இன்னா அண்ணி?"

"உன்ன இல்ல."

இறந்துபோன கணவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தாள். ஊர் வந்து சேரும்வரை அது வரவில்லை.

சாயங்காலம் சுகுமார் சாவியை வாங்க வந்தார்.

"கன்வெர்ட்டர் நேத்துவரைக்கும் டூப்ளிகேட்டுதான். எனக்கே தெரியாது. இப்பதான் மாத்தினோம்," என்றாள்.

"மாத்தியாச்சே, அப்புறம் இன்னாம்மா," என்று அவர் வண்டியைக் கிளப்பினார். அது தெருமுனையில் திரும்பியது. பக்கத்து வீட்டு செல்லாயி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும்வரை ஷீபா வாசலிலேயே நின்றிருந்தாள்.