முப்பது சொட்டு

இறந்துபோன எர்காஷின் உடம்பைக் குளிப்பாட்ட உள்ளே வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தபோதே பேராசிரியர் வோஹித்ஜான் மூன்றாம் முறையாக அந்த நோட்டைக் கேட்டுவிட்டார்.

"அழுது முடிச்சதும் எடுத்துக் குடும்மா. அவசரமில்ல. ஆனா இன்னிக்கே வேணும்."

நிகோராவுக்கு உறுத்தியது. அவள் அப்பா எர்காஷ், தாஷ்கண்ட் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் எலி மேய்த்தவர். பேராசிரியர் எலிகளுக்கு ஈரலைக் கெடுக்கும் விஷத்தைக் கொடுப்பார். பிறகு தன் மூலிகைச் சொட்டைக் கொடுத்துக் காப்பாற்றுவார். காப்பாற்றப்பட்ட எலிகளின் முதுகில் அடையாளத்துக்கு மஞ்சள் சாயம் பூசுவதும் எலிக்கணக்கை நோட்டில் எழுதுவதும் அப்பாவின் வேலை. ஒரு தடவை பூசினால் மாதக்கணக்கில் நிற்கும். மஞ்சள் எலி செத்தால் பேராசிரியர் எலியைத் திட்டமாட்டார், அப்பாவைத் திட்டுவார். அப்புறம் மஞ்சள் எலிகள் சாவதையே விட்டுவிட்டன; சாயம் மட்டும் அடிக்கடி தீர்ந்துபோனது.

அப்பாவுக்கே ஈரல் கெட்டபோது அதே சொட்டு வீட்டுக்கு வந்தது. தினம் முப்பது, குடித்ததை நோட்டில் எழுதவேண்டும். நோயோடும் அப்பா போன வாரம் வரை எலிக்கூடத்துக்குப் போய்வந்தார். அந்த நோட்டைக் காட்டித்தான் பேராசிரியர் அடுத்த மாதம் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க அனுமதி வாங்கப்போகிறாராம்.

மருந்தேதான் கொன்றதோ?

அலமாரியைத் திறந்தாள். நாற்பது புட்டிகள். ஒன்றில்கூட மெழுகு முத்திரை உடையவில்லை. நோட்டிலோ நாள் தவறாமல் அப்பாவின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு தூசியைத் தட்டி, கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வாசலில் துக்க வழக்கப்படி தலையில் குல்லாயும் அங்கிக்கு மேல் இடுப்பில் கட்டிய துணியுமாக ஆண்கள் வரிசை. செத்தவரின் மகனுக்கும் முன்னால் நின்ற பேராசிரியர் கனைத்தார்.

"விஞ்ஞானத்துக்கே வாழ்ந்த மனுஷன்! என் மருந்துதான் ரெண்டு வருஷம் இழுத்துப் பிடிச்சுது. அவர் கையால எழுதினதைக் கேளுங்க." கடைசிப் பக்கத்தை விரித்தார். "மார்ச் பதினேழு. முப்பது சொட்டு. பசி நன்று. இரண்டு கிண்ணம் சூப் குடித்தேன்."

பக்கத்து வீட்டுக் கிழவர் துர்சுன் காதில் கைவைத்துக் கேட்டார்: "இன்னிக்குப் பதினொண்ணுதானே?"

சாவு வீடு, யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் இருமல் வந்தது.

"காய்ச்சல்ல தேதி தப்பியிருக்கும். சின்னத் திருத்தம், அவ்வளவுதான்." பேராசிரியர் பைக்குள் பேனாவைத் துழாவினார்.

"எலி நோட்டும் அப்பாதானே எழுதினாரு, ஐயா?" என்றாள் நிகோரா.

அதற்குள் குளிப்பாட்டுகிறவர் ஈரக் கையோடு வெளியே வந்தார். "அம்மாடி, உடம்புல இருக்கிறது காமாலை. விரல்ல இருக்கிறது வேற மஞ்சள், புதுசாப் பூசின மாதிரி. எவ்வளவு தேய்ச்சும் போகமாட்டேங்குது."

"விட்டுடுங்க மாமா. அப்படியே போகட்டும்."

பேராசிரியரின் கை பைக்குள்ளேயே இருந்தது.