யாரும் படிக்காத கடைசிப் பக்கம்

எங்கள் வக்கீலிடம் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுகிறேன். அவர் சட்டமன்றத்துக்குப் போனதும், "இனிமே மாமாவைக் கையில பிடிக்க முடியாது" என்று மைத்துனன் கிண்டல் செய்தான். ஆமாம், போ! முன்பு மனு மட்டும் டைப் அடித்தேன். இப்போது மசோதாவும் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான் என் உயர்வு.

இரண்டு தேர்தலில் தோற்று மூன்றாவதில் ஜெயித்தவர் அவர். மூன்று முறையும் மேடையில் சொன்னது ஒன்றேதான்: வாடகைக் கடைக்காரர்களை நினைத்தபோது விரட்ட முடியாதபடி சட்டம் கொண்டுவருவேன். அந்தப் பேச்சுக்குக் காரணம் ஊசியம்மா. கோர்ட்டுக்கு எதிரே முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவர். அந்தப் பெயர் தொழிலுக்காக வந்ததல்ல, வாய்க்காக வந்தது. கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடக்காரர் போட்ட வழக்கை, எங்கள் வக்கீல் பதினோரு வருஷமாக வாய்தா வாங்கியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"சட்டம் வரட்டும்மா. அப்புறம் உங்களை யாரும் அசைக்க முடியாது" என்பார்.

சட்டம் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் கடை நடத்துகிறவரை இனி வெளியேற்ற முடியாது. எதிர்க்கட்சிக்காரர்களே மேஜையைத் தட்டினார்கள். அடுத்த சட்ட மந்திரி இவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டே வக்கீலம்மாவுக்குக் கை ஓய்ந்துபோனது.

அச்சான சட்டத்தை ஊசியம்மாவின் வழக்குக் கட்டோடு சேர்க்க எடுத்தபோதுதான் கடைசிப் பக்கம் என் கண்ணில் பட்டது. 'இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு தொடுக்கப்படும் வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும்.'

எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்று உண்டு. எந்த மனுவுக்கும் கடைசிப் பக்கத்தைப் புதிதாக எழுதமாட்டோம். பழைய கட்டிலிருந்து உருவி, பெயரையும் தேதியையும் மாற்றிச் சேர்த்துவிடுவோம். மசோதாவுக்கும் அவர், "கடைசிப் பக்கம் வழக்கம்போல போட்டுடுய்யா" என்றார். நானும் ஏதோ ஒரு பழைய சட்டத்திலிருந்து எடுத்துப் போட்டேன். அவர் படிக்கவில்லை. சபையிலும் ஒரு புண்ணியவான்கூடப் படிக்கவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் மட்டும் வரி விடாமல் படித்து, சீக்கிரம் விசாரிக்கச் சொல்லி மனுவும் போட்டுவிட்டார்.

பக்கத்தைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். இரண்டு தரம் படித்தார்.

"வாய்தா வாங்கி வாங்கி நானே அந்தம்மாவைக் கவுத்துட்டேனேய்யா. கட்டடக்காரர் இன்னிக்குப் புதுசா கேஸ் போட்டிருந்தா அந்தம்மாவைத் தொடவே முடியாது."

கட்சி ஆபீசிலிருந்து செயலாளர் போன் செய்தார். "சபை வேணும்னுதான் பழைய கேஸையெல்லாம் விட்டுச்சுன்னு சொல்லிடுங்க. தப்பு கிப்புன்னு வாயைத் திறந்தா மந்திரி பதவி போயிடும். ஒரு தையல் கடைக்காகவா?" இவர் "சரி, பார்க்கிறேன்" என்று போனை வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எந்த முகத்தோடு கோபப்படுவது? டைப் அடித்த கை என்னுடையது.

விசாரணை நாளில் எதிர்த் தரப்பு வக்கீல் அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். நீதிபதி எங்கள் வக்கீலைப் பார்த்தார்.

"நீங்க கொண்டுவந்த சட்டம்தானே? நிலுவையில இருக்கிற வழக்குகளை வேணும்னே விட்டீங்களா?"

"இல்லைங்க ஐயா. என் தப்பு. படிக்காம கையெழுத்துப் போட்டேன். அடுத்த கூட்டத்தொடர்ல திருத்தம் கொண்டுவர்றேன். அதுவரைக்கும் தீர்ப்பைத் தள்ளி வைக்கணும்."

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, "அடிச்சது நான்தாங்க ஐயா!" என்று கத்திவிட்டேன்.

"குமாஸ்தா உட்காருங்க" என்றார் நீதிபதி. கோர்ட்டே சிரித்தது. கூட்டத்தொடர் முடியும்வரை அவகாசம் கிடைத்தது. மந்திரி பதவி அந்த வாரமே வேறொருவருக்குப் போனது.

வராந்தாவில் ஊசியம்மா நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"இன்னொரு வாய்தா, அவ்வளவுதானே? இந்தத் தடவை அனுப்புறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

வக்கீலும் படித்துக் காட்டினார். அந்தத் தடவை என்னை எதையும் தொட விடவில்லை. திருத்தத்தைத் தன் கையாலேயே எழுதி, தையல் கடைக்கு எடுத்துப்போய், மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார்.

"இதுல நான் எங்கே இருக்கேன்?" என்றார் ஊசியம்மா.

"நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும்னு இருக்கில்ல, அதுலம்மா."

"வாயால சொன்னா? விரலை வெச்சுக் காட்டுங்க."

வைத்தார். ஊசியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்கும்வரை வக்கீல் விரலை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் திருத்தம் ஒரே நிமிஷத்தில் நிறைவேறியது. நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் சபையில் யாரும் அதைப் படிக்கவில்லை.