ஆளொழிந்த அங்காடி

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிய அவ்வேளையில், ஆற்றின் இருகரையும் அளாவி விரிந்த அப்பேரூரின் தெருக்கள் எல்லாம், மலையினின்றிழியும் அருவிகள் ஒரே பொய்கையை நாடுமாறுபோல, நடுவே அமைந்த பெருங்காய்கறி அங்காடியையே நாடிச் சென்றன. சுமைவண்டிகள் முனகின, கோணிப்பைகள் தோள்மாறின, தக்காளிக் குவியல்கள் புலரொளியை வாங்கிச் செம்மணிக் குன்றுகளெனத் திகழ, கீரைக்கட்டுகள் நீர் சொட்டச் சொட்டத் தத்தம் இடத்தில் அமர்ந்தன. நூல்நயம் அறிந்த நண்பரே, அவ்வங்காடியில் இல்லாத பொருளே இல்லையென்று ஊரார் புகழ்வதுண்டு; அப்புகழ் முழுதும் மெய்யன்று. விற்போருள் பெரும்பாலார் பெண்டிராயிருந்தும், அவர்களுக்கென ஒரு கழிப்பறை அங்கே இருந்ததில்லை.

ஆதலின் அப்பெண்கள் விடியலில் வந்து பொழுது சாயும்வரை ஒருமிடறு நீரும் பருகாது நாவறண்டு அமர்ந்திருப்பர். அவருள் ஒருத்தி, கீரையக்கா என்று யாவரும் அழைக்கும் வாய்த்துடுக்கு மிக்க கீரைக்காரி. அவள்தன் பக்கத்துக் கடையில் வெங்காயம் விற்ற உயிர்த்தோழி ஒருநாள் இடுப்பைப் பற்றிக்கொண்டு சுருண்டு விழுந்தாள். சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கியதென்று கண்ட மருத்துவர், ஏனம்மா நீர் அருந்துவதில்லை என்று வினவியபோது, வெங்காயக்காரி நாணிச் சிரித்து மழுப்பினாள். உடனிருந்த கீரையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நகராட்சி வாயிலுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததே அவள் கண்ட பயன். பார்க்கலாம் என்றவர் பார்க்கவேயில்லை. இனித் தானே கட்டுவதென்று துணிந்தவள், அங்காடியின் பின்புறம் உடைந்த கூடைகள் அடைந்து கிடந்த கிடங்கொன்றைக் குடிக்கூலிக்குப் பேசி, கடைப்பெண்கள் ஒவ்வொருவரையும் முதலீட்டில் பங்கு கொள்ளச் செய்து, துப்புரவுக்கு வந்த பெண்களையும் கூலியாட்களாகவன்றிச் சரிநிகர்ப் பங்காளிகளாகவே சேர்த்துக்கொண்டாள். இதைக் கேட்டு முகஞ்சுளித்தவள், எலுமிச்சை விற்கும் அவள் நாத்தனார்.

“அண்ணி, ஊர்ல பூக்கடை வெப்பாங்க, துணிக்கடை வெப்பாங்க. நீங்க கக்கூஸ் கடை வெக்கிறீங்க. யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

“அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு சொல்லு.”

வெண்கல் பதித்த சுவரும், வற்றாது பாயும் நீரும், பை மாட்ட ஒரு கொக்கியும், கைப்பிள்ளையைக் கிடத்த ஒரு மேடையுமாய் அவ்வறைகள் புதுமணம் கமழ எழுந்து நின்றன. திறப்பதற்கு முந்திய மாலையில், உருளைக்கிழங்கு மொத்த வணிகரும் வணிகர் மன்றத் தலைவருமான பெரியவர், நாற்றம் பரவும், வாங்குவோர் ஓடிவிடுவர் என்றஞ்சி, அக்கதவில் யானைக்காலன்ன பூட்டொன்றைத் தொங்கவிட்டார். அவர் தீயவரல்லர், அத்தகைய இடர்ப்பாட்டை வாழ்நாளில் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டாதவர், அவ்வளவே.

கீரையக்கா சண்டைக்கு நிற்கவில்லை. கடைகடையாய்ச் சென்று காதோடு காதாய் ஏதோ சொல்லி வந்தாள். மறுநாள், அங்காடியில் எள் விழ இடமின்றிக் கூட்டம் நெரித்த பொழுதில், கீரையை ஈரக்கோணியால் மூடிவிட்டுத் தலைவர்முன் சென்று பணிவுடன் நின்றாள்.

“ஐயா, வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். கடையைக் கொஞ்சம் பாத்துக்குங்க.”

“வியாபாரம் நடக்குற நேரத்துல வீட்டுல அப்படி என்னம்மா அவசரம்?”

“அதைத்தான் நீங்க பூட்டி வெச்சிருக்கீங்களே.”

அவள் பின்னே வெங்காயக்காரி நின்றாள். அவள் பின்னே நாத்தனார். அப்பால் வால்நீண்ட எறும்புநிரைபோல் அங்காடிப் பெண்டிர் அனைவரும். ஒவ்வொருத்தியும் அதே சொல்லை அதே பணிவோடு சொல்லி அகன்றாள். வேலியற்ற தோட்டம்போல் கடைகள் கிடக்க, வாங்க வந்தோர் தலைவரைச் சூழ்ந்துகொண்டனர். அவர் புதினா கேட்டவருக்குக் கொத்தமல்லியை அளித்தார். கத்தரிக்காயின் விலை தெரியாது விழித்தார். பேரம்பேசுவதில் கைதேர்ந்த ஓர் அம்மையாரிடம் பூசணியொன்றை ஏறத்தாழ இனாமாகவே இழந்தார்.

பெண்கள் குளித்துத் தலைவாரி ஆற அமரத் திரும்பியபோது, வியர்வை வழிய நின்ற அவர் கையில் திறவுகோல் இருந்தது. தாமே முன்சென்று பூட்டைத் திறந்தவர், அவ்வறையுள் எட்டிப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“இத்தனை வருஷமா எப்படிம்மா சமாளிச்சீங்க?”

விளையாட்டாகவே அந்நாளைக் கடத்திய கீரையக்கா, வெங்காயக்காரியின் கையைப் பற்றி அவளையே முதலில் உள்ளே அனுப்பினாள்.

அதன்பின் நாற்றம் பரவவில்லை, பெயர்தான் பரவியது. வாங்க வந்த பெண்களும் சிறு கட்டணம் தந்து அவ்வறைகளை நாடினர். பங்காளிகளின் கையில் காசு சற்றே தாராளமாய்ப் புழங்கிற்று. ஆற்றின் மறுகரை அங்காடியினர் தங்களுக்கும் அமைத்துத் தருக என்று கேட்டு வர, அப்பணியை நாத்தனாரே முந்திக்கொண்டு ஏற்றாள்.

முன்னெல்லாம் கடை கட்டியதும் அப்பெண்கள் ஓட்டமும் நடையுமாய் வீடுநோக்கி விரைவர். ஏனென்று எவரும் கேட்டதில்லை. இப்பொழுதோ, நோய் தணிந்து தேறிய வெங்காயக்காரியும் கீரையக்காவும் பாலத்தின் நடுவே கூடைகளை இறக்கிவைத்து, செவ்வானம் கரையும் நீரைப் பார்த்தவாறு ஊர்க்கதை பேசி நிற்கின்றனர். உரிமைகளுள் பாடப்பெறுவன சில, பாடப்பெறாதன பல. விரைய வேண்டாத ஒரு மாலைப்பொழுது அவற்றுள் ஒன்று.