ஆல்சீட் ஒப்புக்கொண்ட குற்றம்

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் வெர்டீன் லமெல். இருக்கைகளுக்கு அடியில் கிடந்த சிப்ஸ் உறைகளைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது படிக்கட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். தன் பெயர் டூசே என்றும், சிறையிலிருக்கும் ஆல்சீட் லமெலுக்காக நீதிமன்றம் நியமித்த வக்கீல் என்றும் சொன்னாள்.

ஆல்சீட், வெர்டீனின் அண்ணன். தாய் தகப்பன் போனபிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன். ஆனால் அந்தப் பெயரை அவள் வீட்டில் யாரும் உச்சரித்துப் பல வருடங்களாகிவிட்டன.

ஓபலூசாஸ் ஊரோரத்தில் அரிசி ஆலைக் கிடங்கு ஒன்றுக்கு யாரோ தீ வைத்ததில், காவலுக்கிருந்த ஃபெலிசியன் புகையில் மூச்சடைத்துச் செத்துப்போனார். ஆல்சீட்டின் பச்சை நிறப் பிக்கப் வண்டி அங்கே நின்றதைப் பார்த்ததாக ஒருவன் சாட்சி சொன்னான். ஆல்சீட், தான் செய்யவில்லை என்று மாதக்கணக்கில் சாதித்தான். விசாரணை தொடங்க வேண்டிய நாளன்று மாநில நீதிபதி முன் எழுந்து, “ஆமா, நான்தான்” என்று ஒப்புக்கொண்டுவிட்டான். யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி கேட்டதற்கும், இல்லை என்றான். முப்பது வருடம் விழுந்தது. கடைசி வரிசையில் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து அதைக் கேட்டவள் வெர்டீன். ஃபெலிசியன், அவர்கள் கோவிலில் பாடுகிறவர். அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது பாடியவர். அன்றோடு அண்ணனைத் தலைமுழுகினாள். ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. வயிற்றிலிருந்த நொயெலி இப்போது தாயின் செருப்பு காலுக்குச் சரியாக இருக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

அந்தத் தண்டனை செல்லாது என்று ஆல்சீட் மனுப் போட்டிருக்கிறான் என்றாள் டூசே. மாநில நீதிமன்றங்கள் எல்லாம் தள்ளிவிட்டன. கடைசியில் மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அந்த நீதிபதி அவன் சொல்வதைக் கேட்கச் சம்மதித்திருக்கிறார்.

“அவனே ஒத்துக்கிட்டானே, அப்புறம் என்ன வழக்கு?” என்றாள் வெர்டீன்.

“உங்களக் கூப்பிட வேண்டாம்னு உங்கண்ணன் சொல்லிட்டாரு, மிஸ் வெர்டீன். பேப்பரப் பாத்து நீங்க தெரிஞ்சுக்கக் கூடாதாம். தேதிய மட்டும் சொல்லச் சொன்னாரு.”

வர வேண்டாம் என்றால் போய்ப் பார்க்கிற சுபாவம் வெர்டீனுக்கு. விடுப்புச் சொல்லிவிட்டு லாஃபயெட்டுக்கு வண்டியோட்டிப் போனாள்.

ஆல்சீட் இளைத்திருந்தான். தாடி நரைத்திருந்தது. காலில் விலங்கு. சாட்சிக் கூண்டில் ஏறி உட்கார்ந்தவன் பின்வரிசையில் தங்கையைப் பார்த்தான். ஏன் குற்றத்தை ஒப்புக்கொண்டாய் என்று நீதிபதி அம்மாள் இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் வாய் திறந்தான்.

விசாரணைக்கு முதல் நாள் அவனுடைய அப்போதைய வக்கீல் ஆர்டுவான் சிறைக்கு வந்தாராம். பிக்கப் வண்டி தங்கை பெயரில் பதிவாகியிருக்கிறது, அவளையும் பிடிக்கப்போகிறார்கள், சிறையில்தான் பிரசவம், பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்றாராம். நீ ஒப்புக்கொண்டால் அவளை விட்டுவிடுவார்கள். மிரட்டினார்களா என்று நீதிபதி கேட்டால் இல்லையென்று சொல், இல்லாவிட்டால் அரசுத் தரப்போடு பேசிய ஏற்பாடு முறிந்துபோகும் என்றாராம்.

மாநிலத்தின் வக்கீல் எழுந்தார். அன்றைக்கும் சத்தியம் செய்துதானே சொன்னாய், இன்றைக்குச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார்.

“அன்னிக்கு நான் பொய் சொன்னாத்தான் என் தங்கச்சி வீட்டுல இருக்க முடியும்னு நெனச்சேன், சார். இன்னிக்கு அவ இங்க உக்காந்திருக்கா. பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல.”

பிறகு ஆர்டுவான் வந்து, அந்தக் காலத்தில் கைநிறைய வழக்குகள், எதுவும் நினைவில்லை என்றார். அப்போதைய அரசு வக்கீல் வந்து, அந்தத் தங்கையைப் பிடிக்க வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் யாரும் நினைத்ததுகூட இல்லை என்றார். வெர்டீனின் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போயிருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் சிறைக்குப் போனாள். பார்வையாளர் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“உன்ன யாருண்ணே கேட்டா?” என்றாள் வெர்டீன். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா கோர்ட்டுல வந்து நின்னு, என்னையும் புடிச்சுப் போடுன்னு கத்தியிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் அப்படியே அழுகையாகக் கோணிக்கொண்டது. “இத்தன வருசம் உன்ன வந்து பாக்கவே இல்லையே நான்.”

“கோவிச்சுக்கிட்டு வீட்டுல இருந்த. நீ வீட்டுல இருக்கணும்னுதானே நான் உள்ள வந்தேன்?” என்றான் ஆல்சீட். பிறகு, தயங்கித் தயங்கி, “பொண்ணு யாரு மாதிரி?” என்று கேட்டான்.

“வாயி உன்ன மாதிரி. மூடவே மூடாது. வெண்டைக்கா போட்ட கம்போக் குழம்ப மட்டும் தொட மாட்டா.”

“அப்ப நம்ம வீட்டுப் பிள்ளையே இல்ல. ஆஸ்பத்திரியில மாத்திட்டானுங்க.”

அதற்கப்புறம் பார்வையாளர் நாள் எதையும் அவள் விடவில்லை. நொயெலியையும் அழைத்துப் போனாள். மாமனும் மருமகளும் பேச ஆரம்பித்தால் இவள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இளவேனிலில் தீர்ப்பு வந்தது. ஆல்சீட் குற்றவாளியா இல்லையா என்று நீதிபதி அம்மாள் சொல்லவில்லை. வக்கீலின் பொய்யை நம்பி ஒப்புக்கொண்டது செல்லாது. மாநிலம் அவனைப் புதிதாக விசாரிக்கட்டும், இல்லையேல் விடட்டும் என்றார். அவனை ஊர்ச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். கையோடு புதிய அரசு வக்கீலிடமிருந்து ஒரு பேச்சு வந்தது: குறைந்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளட்டும், சிறையில் இருந்த வருடங்களையே தண்டனையாக வைத்துக்கொள்கிறோம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மறுத்து விசாரணையில் தோற்றால் மிச்ச வருடங்களும் உள்ளேதான் என்று டூசே ஒளிக்காமல் சொன்னாள்.

வெர்டீன் அதற்குள் அவனுக்கென்று அறையைத் துடைத்துப் படுக்கை விரித்து வைத்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, “வீட்டுக்கு வந்துருண்ணே. அவங்க கேக்குறதச் சொல்லிட்டு வா. ஊரு என்ன வேணாலும் பேசிக்கட்டும்” என்றாள்.

ஆல்சீட் வேண்டாம் என்று தலையசைத்தான்.

“ஃபெலிசியனோட சம்சாரம் இன்னும் இருக்காங்க, வெர்டி. உங்க புருசன நான்தான் கொன்னேன்னு அவங்க காதுபட ஒரு தடவ சொல்லிட்டேன். அப்ப உனக்காகச் சொன்னேன். எனக்காக அதத் திரும்பச் சொல்ல நாக்கு எழும்பல.”

வெர்டீன் வாதாட நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. “சரி, காத்திருப்போம்” என்றாள். “ஆனா இந்தத் தடவ எதையும் எங்கிட்ட மறைக்கக் கூடாது.”

ஆல்சீட் குற்றத்தை மறுத்தான். வெர்டீன் தன் வீட்டை ஈடு காட்டி ஜாமீன் வாங்கினாள். கணுக்காலில் கட்டிவிட்ட கண்காணிப்புக் கருவியோடு அவன் வீடு வந்து சேர்ந்தான். முதல் சில வாரங்கள் கதவை யாராவது திறந்துவிடுவார்கள் என்று அதன்முன் நின்றுகொண்டிருப்பான். நொயெலிதான், “மாமா, அதத் தள்ளினாத் தொறக்கும்” என்பாள்.

விசாரணை நடக்கவே இல்லை. பச்சை வண்டி ஒன்றைப் பார்த்தது உண்மை, யாருடையது என்று சத்தியம் செய்ய முடியாது என்று அந்தச் சாட்சி இப்போது சொன்னான். மாநிலம் வழக்கைக் கைவிட்டது. மன்னிப்பு என்று எவரும் வரவில்லை.

அண்ணனும் தங்கையும் ஃபெலிசியனின் மனைவி வீட்டுக்குப் போனார்கள். கிழவியம்மாள் கதவைத் திறந்து ஆல்சீட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப யாருப்பா?” என்றாள்.

“தெரியலம்மா.”

அவள் கதவை விட்டு விலகி வழிவிட்டாள். பிறகு, காபி இப்போதுதான் இறங்கியது, உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள்.